இற்செறிப்பும் சில நாவல்களும்

இந்தக் கோடை விடுமுறையில் நான்கு நாவல்களை வாசித்தேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, பாமாவின் ‘சங்கதி’ மூன்றும் மறுவாசிப்பு. கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’ மட்டும் புதிது. இந்தி தெரியாததால் டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதை வாசித்தேன். திட்டம் போட்டு எடுத்த வரிசை அல்ல. விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து வந்த களைப்பில் அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது நாவலின் பாதியில் ஒன்றைக் கவனித்தேன். கதையை விட்டுவிட்டு நான் வாசற்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் எந்தப் படி வரைக்கும் வரலாம்? எந்த ஜன்னலைத் திறக்கலாம்? கொல்லைப்புறம் அவளுக்கு உண்டா? மொட்டைமாடி?

இப்படி வாசிக்க வைத்தது வகுப்பறைதான். போன பருவத்தில் எனக்கு அக இலக்கியத் தாள். தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி: தலைவி தினைப்புனம் காக்கப் போவாள், கிளி கடிவாள், தலைவன் அங்கே வருவான். கதிர் அறுத்தால் காவல் முடிந்தது. மகளின் மேனி வேறுபட்டதைத் தாய் கவனிப்பாள், ஊர் அலர் தூற்றும். அதன்பிறகு தலைவியை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் இற்செறிப்பு. பாட்டின் அடியில் ‘செறிப்பறிவுறீஇ வரைவு கடாயது’ என்று துறைக்குறிப்பு நிற்கும். அவளை அடைத்துவிட்டார்கள் என்று தலைவனிடம் சொல்லி, காலம் தாழ்த்தாமல் மணந்துகொள் என்று தோழி முடுக்குவது. தேர்வில் ஐந்து மதிப்பெண்.

“செறிப்புன்னா என்ன மேடம், ரேஷன் கடையில குடுக்கிறாங்களே, செறிவூட்டப்பட்ட அரிசி, அது மாதிரியா?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. செறி என்றால் நெருக்கு, திணி, இறுக்கு. ஒரு பெண்ணை வீட்டுக்குள் இறுக்குவது. அப்படி இறுக்கியபின் அவள் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தாள் என்பது துறைக்குறிப்பில் இல்லை. தோழிக்கு அது ஒரு வாதம், தலைவனுக்கு ஒரு நெருக்கடி, நமக்கு ஒரு கலைச்சொல். உள்ளே கழிந்த நேரத்தைத் தெரிந்துகொள்ள நான் நாவலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. ஹெப்சிபா பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்நாட்டின் தென்கோடிப் பனைமரக் காட்டு ஊர் ஒன்றில், நாடார் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கதை. பெயரில்தான் புத்தம் வீடு. உண்மையில் பழைய வீடு, பெருமை மட்டும் மிச்சமிருக்கும் வீடு. கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் தாத்தாதான் அதன் தலை. பேத்தி லிஸி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுவிடுகிறது, வெளி நின்றுவிடுகிறது. பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்கு வரும் பிரியம் அந்த அடைப்புக்குள்ளிருந்து வளர்கிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘மென்மையான காதல் கதை’ என்பார்கள். ஆண் விமர்சகர்களிடம் இந்த ‘மென்மை’ என்ற சொல்லைப் பறிமுதல் செய்துவிட வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பெண் எழுதினாள், குரல் உயர்த்தாமல் எழுதினாள், உடனே மென்மை. எனக்கு இந்த நாவல் இந்தமுறை மிகக் கடுமையாக இருந்தது. லிஸியை யாரும் அடிப்பதில்லை, பூட்டுவதில்லை. எல்லோரும் அவள்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். பிரியமானவர்கள் எல்லோரும் சேர்ந்து, அவளுக்கு எந்தக் கெடுதலும் நினைக்காமல், அவளுடைய வருடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்த்துக் கத்துவதற்கு ஒரு முகம்கூட அந்த வீட்டில் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சமூகத்துப் பெண்கள் தோளை மறைக்கத் துணி போடுவதற்கே திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு ஆணை வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மிஷனரிகள் அந்தப் பகுதியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததும் அந்த நூற்றாண்டில்தான். துணியும் எழுத்தும் போராடிப் பெற்றவை. அடுத்த சில தலைமுறைகளில், கொஞ்சம் நிலமும் பேரும் சேர்ந்த குடும்பங்கள் ‘எங்கள் வீட்டுப் பெண் வெளியே வரமாட்டாள்’ என்பதைக் கௌரவமாக எடுத்துக்கொள்கின்றன. யார் தங்களைத் தெருவில் அவமானப்படுத்தினார்களோ அவர்களுடைய வீட்டு வழக்கத்தையே சுவீகரித்துக்கொள்வது. ஹெப்சிபா இந்த வரலாற்றைப் பாடமாக எடுப்பதில்லை. பனை ஏறுகிறவனுக்கும் பனை சொந்தமாக இருக்கிறவனுக்கும் நடுவே, ஒரே சாதிக்குள்ளேயே, எவ்வளவு தூரம் என்று காட்டிவிட்டு நகர்கிறார். அந்தத் தூரத்தை நிரூபிக்கத்தான் லிஸி உள்ளே இருக்க வேண்டியிருக்கிறது. பனையேறியின் வீட்டுப் பெண்களுக்கு உள்ளே உட்கார நேரம் ஏது? பதநீர் காய்ச்ச வேண்டுமே.

கடைசியில் ஒரு கொலை, தங்கராஜ்மேல் பழி என்று போகும் பகுதி எனக்கு எப்போதும் அவசரமாகவே படும். கதையை முடிக்க வேண்டுமே என்று வந்த கொலை. கல்யாணத்தில் முடிவதும் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அந்தக் கல்யாணத்தைவிட அதற்கு முன் கழிந்த நாட்கள்தான் நாவல். ஹெப்சிபா இன்னும் சில நாவல்கள் எழுதினார். ‘டாக்டர் செல்லப்பா’வையும் ‘மா-னீ’யையும் இன்று எந்த மாணவியிடம் கேட்டாலும் தெரியாது.

‘புத்தம் வீடு’ பற்றி வகுப்பில் பேசியபோது நான் நினைத்ததுபோல் யாரும் லிஸிக்காக இரக்கப்படவில்லை. ‘அந்தக் காலம்’ என்று தள்ளிவிடவும் இல்லை. பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “எங்க வீட்ல ரூம்ல எல்லாம் வைக்கமாட்டாங்க மேடம். போனை வாங்கி வச்சுக்குவாங்க.” பக்கத்தில் இருந்தவள், “எனக்குப் போன் உண்டு. ஆனா பாஸ்வேர்டு அண்ணனுக்குத் தெரியும்” என்றாள். மூன்றாமவளுக்குக் கல்லூரிப் பேருந்து ஏறியதும் ஒரு அழைப்பு, இறங்கியதும் ஒரு அழைப்பு. ஐந்து நிமிடம் தாமதமானால் அப்பாவின் இருசக்கர வாகனம் நிறுத்தத்துக்கு வந்துவிடும். பத்து நிமிடத்தில் அந்த வகுப்பு, தொல்காப்பியர் பார்த்திராத இற்செறிப்பு வகைகளைப் பட்டியல் போட்டுவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். இடம் போதவில்லை.

சல்மாவின் நாவலுக்கு வருகிறேன். 2004இல் முதல் பதிப்பு வந்தபோது இருபதுகளில் இருந்தேன், கவிதை எழுதத் தொடங்கியிருந்தேன். சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகளை ஆபாசம் என்று சில திரைப்பாடலாசிரியர்கள் வசைபாடிய காலம் அது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வாசித்ததால், நாவலில் எங்கெங்கே உடல் வருகிறது என்றுதான் எல்லோரும் தேடினார்கள். இருபது ஆண்டு கழித்து எடுத்தால் வேறு நாவலாக இருக்கிறது. சமையல், கழுவுதல், நோன்பு, பேச்சு, பேச்சு, பேச்சு. ஆண்கள் கடைக்கும் தொழுகைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீடுகளில் பெண்கள் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குச் சந்து வழியாகப் போய்வருகிறார்கள். அந்தச் சந்துகள்தான் அவர்களுடைய ஊர்.

ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக நாவலின் பெரும்பகுதி தெரிகிறது. அவள் இன்னும் பெரியவளாகவில்லை, அதனால் தெருவில் ஓடலாம், ஒளிந்து சினிமாவுக்குக்கூடப் போகலாம். அவளைச் சுற்றி, அந்த வயதைத் தாண்டிய பெண்கள். ராபியா ஓடுகிற ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு நாள் எண்ணும் பதற்றம். சல்மாவின் சொந்த வாழ்க்கை எல்லோரும் அறிந்தது. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். பிறகு ஊராட்சித் தலைவரானார். கிம் லாங்கினாட்டோ 2013இல் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். புனைபெயரில், கழிப்பறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதிய பெண் அவர். கவிதையைக் கழிப்பறையில் எழுதிவிடலாம். ஐந்நூறு பக்கத்தைத் தொடும் ஒரு நாவலை எழுத எவ்வளவு இரவு திருட வேண்டியிருந்திருக்கும் என்று இந்தமுறை யோசித்தேன். அடுக்களை அடங்கியபின் வாசிக்கிறவள் என்பதால் எனக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் தெரியும்.

இந்த நாவலில் என்னைத் தூங்கவிடாதவள் ஃபிர்தவ்ஸ். கல்யாணமான அன்றே கணவனோடு வாழமாட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தவள். அழகி. மறுபடி கல்யாணம் ஆகும்வரை வீட்டுக்குள் காத்திருக்க வேண்டியவள். எதிர்வீட்டு இந்து ஆணோடு அவளுக்கு உறவு உண்டாகிறது. அது வெளியே தெரியும்போது அவளுக்கு விஷம் கொடுப்பது அண்ணனோ அப்பனோ ஜமாஅத்தோ அல்ல. பெற்ற தாய். இரவில், சத்தமில்லாமல், வீட்டுக்குள்.

இதே நாவலில் ஃபாத்திமா என்பவள் இந்து ஒருவனோடு ஊரைவிட்டே போய்விடுகிறாள். ஊரின் கோபம் அவள் தாய் நூரம்மாவின்மேல் இறங்குகிறது. இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் நடத்தும் பாடத்தின் அடுத்த துறை வந்துவிடுகிறது: உடன்போக்கு. இற்செறிப்புக்கு அஞ்சித் தலைவனோடு தலைவி போய்விடுவது. அகப்பாடல்களில் அப்படிப் போன மகளை நினைத்துத் தாய் அழுவாள். சிலம்பு அணிந்த கால் பாலை வழியில் எப்படி நடந்ததோ என்று அழுவாள். செவிலி தேடிக்கொண்டு போவாள். எதிரே வருகிறவர்கள் ‘மலையில் பிறந்தாலும் சந்தனத்தால் மலைக்கு என்ன பயன்’ என்கிற தினுசில் அவளைத் தேற்றித் திருப்பி அனுப்புவார்கள். அது அறத்தாறு என்பார்கள். இதை நடத்தும் பருவத்திலேயே, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைப் பெற்றவர்களே கொன்ற செய்தி நாளிதழில் வந்துவிடும். மாணவிகள் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தில் என்னென்ன சாதிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சல்மா அந்தத் தாயை அரக்கியாக்கவில்லை என்பதில்தான் நாவல் நிற்கிறது. விஷம் கொடுப்பதற்கு முன் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவளும் மற்றப் பெண்களும் என்னென்ன சொல்லி வளர்க்கப்பட்டார்கள் என்பதை நாம் பார்த்தாகிவிட்டது. காவலுக்கு நின்றவளும் அதே அறைக்குள்தான் அறுபது வருடம் இருந்திருக்கிறாள். அவளை மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. சல்மாவும் மன்னிக்கச் சொல்லவில்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டு ‘சங்கதி’க்குள் போனால் முதலில் காது அடைத்துக்கொள்கிறது. அவ்வளவு சத்தம். 1994இல் வந்த இந்த நூலை நாவல் என்று சொல்லலாமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். ஒரு நாயகி இல்லை, தொடர்ந்து போகும் கதை இல்லை, தெருவில் கேட்டது, பாட்டி சொன்னது, அங்கே நடந்தது, இங்கே நடந்தது. வெள்ளையம்மாப் பாட்டியின் கணவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவேயில்லை. பாட்டி தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள், ஊருக்கே பிரசவம் பார்த்தவள். இதற்கு ஒரு நாயகி போதாது என்பதால்தான் நாவல் இப்படி இருக்கிறது.

‘சங்கதி’யில் இற்செறிப்பு இல்லை. செறிக்க இல் இல்லை என்பது முதல் காரணம். பறையர் தெருவின் பெண்பிள்ளை தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு, விறகு பொறுக்கிக்கொண்டு, களையெடுத்துக்கொண்டு வளர்கிறாள். மைக்கண்ணி சிறுமியாகவே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். அப்படியானால் வெளியே இருப்பவள் சுதந்திரமானவளா? மாரியம்மாவைப் பாருங்கள். விறகுக்குப் போனவள், தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போகும்போது நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். உதறிவிட்டு ஓடி வருகிறாள். அவன் முந்திக்கொண்டு, அவளையும் அவள் தெருப் பையன் மாணிக்கத்தையும் சேர்த்துத் தப்பாகப் பார்த்ததாகப் புகார் செய்கிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் வாயைத் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள். மாரியம்மா அபராதம் கட்ட வேண்டும். பையனைவிட அவளுக்கு அதிகம்.

வீட்டுப்படி என்கிற அளவுகோலை வைத்துக்கொண்டு இத்தனை நேரம் வாசித்தவளுக்கு இந்த இடத்தில் அளவுகோல் போதாமல் போகிறது. லிஸியின் உள்ளும் மாரியம்மாவின் வெளியும் ஒரே சாதி ஒழுங்கின் இரண்டு பக்கங்கள். ஒருத்தி உள்ளே இருந்து குடும்பத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும். இன்னொருத்தி வெளியே வெயிலில் நின்று அந்த வீட்டின் நெல்லை அறுக்க வேண்டும், யார் கையைப் பிடித்து இழுத்தாலும் பொறுக்க வேண்டும். தினைப்புனத்தில் கிளி கடிந்தவளைப் பற்றி நம்மிடம் இவ்வளவு பாட்டு இருக்கிறது. அந்தத் தினையைக் கதிர் அறுத்துச் சுமந்தவளுக்கு எந்தத் துறைக்குறிப்பும் இல்லை.

ஆனால் ‘சங்கதி’யில் ஒரு செல்வம் உண்டு, மற்ற மூன்று நாவலிலும் இல்லாதது: வாய். ராக்கம்மா புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி அவனைத் திட்டுகிறாள். அந்தப் பக்கத்தை வகுப்பில் உரக்க வாசித்தேன். முதலில் நெளிந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபிர்தவ்ஸுக்கு ஒரு தெரு இருந்திருந்தால், இரவில் கத்தியிருந்தால், என்று எனக்குள் ஓடியது. கத்தினால் மட்டும் என்ன நடந்திருக்கும் என்பதும் ஓடியது.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவள். அந்தப் பணம்தான் தன்னைக் கல்லூரியில் வைத்திருக்கிறது என்று அவளே ஒருமுறை சொன்னாள். திட்டத்தின் முழுப்பெயரில் வரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று கேட்டேன். தெரியவில்லை. 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதிய பெண், தேவதாசி முறையை எதிர்த்துக் களத்தில் நின்றவர் என்றதும் வியந்துபோனாள். “அவங்க பேர்ல இதுக்கு முன்னாடி தாலிக்குத் தங்கம்தானே மேடம் குடுத்தாங்க?” ஆமாம். திருமண உதவியாக இருந்தது 2022இல்தான் படிப்பு உதவியாக மாறியது. நூலகத்தில் அந்த நாவலைத் தேடினாள், இல்லை. என் பிரதியைக் கொடுத்தேன்.

மூன்றாமாண்டு தொடங்கி ஒரு மாதத்தில் வருவது நின்றுவிட்டாள். கைபேசி அணைந்திருந்தது. சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். அப்பா மரியாதையாகப் பேசினார். “நல்ல இடமா வந்துருச்சும்மா. மாப்பிள்ளை வீட்ல படிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.” பெண்ணிடம் பேசலாமா என்றேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். இரண்டாம் முறை அழைத்தபோதும் கோயில். துறையில் இதைச் சொன்னபோது, வருகைப்பதிவு குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம் என்ற விதியை எடுத்துச் சொன்னார்கள். அதைத் தாண்டிச் செய்வதற்கு அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. சட்டப்படி அவளுக்குப் பத்தொன்பது வயது. யாரும் எதையும் மீறவில்லை. புத்தம் வீட்டைப்போலவே, எல்லோரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார்கள்.

ஏப்ரல் தேர்வுக்கு வந்தாள். வாசலில் மாமியார் காத்திருந்தார். தேர்வறை மேற்பார்வை எனக்கு வேறு கட்டடத்தில். முடிந்து இறங்கி வந்தபோது இருவரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையசைத்தாள். எதை எழுதினாள், எதை விட்டாள் என்று கேட்க முடியவில்லை.

‘ரேத் சமாதி’யை இதன்பிறகுதான் கையில் எடுத்தேன், கொஞ்சம் அவநம்பிக்கையோடு. 2022இல் சர்வதேச புக்கர் வாங்கிய நாவல், மொழி விளையாட்டு அதிகம் என்றார்கள். அதிகம்தான். பல இடங்களில் பக்கம் தள்ளினேன். காக்கைகள் கூட்டம் போட்டுப் பேசுவதைச் சிலர் ரசிக்கலாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் தொடக்கம் விடவில்லை. எண்பது வயதான ஒரு தாய், கணவர் இறந்தபின், கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எழமாட்டாள். மகன், மருமகள், பேரன் எல்லோரும் கதவருகே நின்று கூப்பிடுகிறார்கள். அவள் இன்னும் கொஞ்சம் சுவருக்குள் போகிறாள். வாழ்நாளெல்லாம் வீட்டுக்குள் வைக்கப்பட்டவள், கடைசியில் தானே தன்னைச் செறித்துக்கொள்கிறாள். இம்முறை கதவு அவள் பக்கம். வேண்டாம் என்று சொல்ல அந்த வீடு அவளுக்கு விட்டுவைத்திருந்தது முதுகு ஒன்றைத்தான்.

பிறகு அவள் எழுகிறாள். மகன் வீட்டை விட்டுத் தனியாக வாழும் மகளின் வீட்டுக்குப் போகிறாள். ரோஸி என்ற திருநங்கையோடு அவளுக்கு இருக்கும் நட்பு மகளையே திகைக்க வைக்கிறது. அங்கிருந்து பாகிஸ்தானுக்கு, பிரிவினை பிரித்த தன் பழைய வாழ்க்கையைத் தேடி. எல்லையில் நிறுத்திக் கேட்பவர்களிடம் அந்தக் கிழவி எல்லை என்றால் என்ன என்று வகுப்பெடுக்கிறாள். முற்போக்காக வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் மகள், அம்மா ஒவ்வொரு படியாகத் தாண்டும்போது பதறுகிறாள், கட்டுப்படுத்தப் பார்க்கிறாள். எனக்கு நாவலிலேயே பிடித்தவள் அந்த மகள்தான். தனி வீடு, தன் சம்பாத்தியம், தன் காதலன் எல்லாம் உள்ளவள். அம்மா கதவைத் திறந்து வெளியே போகும்போது “எங்கே போறே?” என்று கேட்பவளும் அவள்தான்.

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தனியாகப் பேருந்தில் போகாதே என்று நான் சொல்லியிருக்கிறேன், முழங்கால் காரணம். அந்த நாவலின் கதையை ஒரு மாலை அவரிடம் சொன்னேன். பாகிஸ்தான் வரைக்குமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “விசா எல்லாம் யார் எடுத்துக் குடுத்தா?” அதற்கு நாவலில் பதில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, சித்தி வீட்டுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.